25 மைக்ரான் மேட்டைத் தேடி ஆறு நாள்

வளையக்கூடிய பிளாஸ்டிக் ஷீட். அதன் ஒரு முகத்தில் மட்டும் மிக நுண்ணிய மேடு பள்ளம். எல்.சி.டி. திரைக்குப் பின்னால் ஒளியைப் பார்ப்பவர் பக்கம் திருப்பிவிடும் பிரிசம் ஃபிலிம், சாய்த்தால் படம் மாறும் லென்டிகுலர் அட்டை, வானவில் நிறம் காட்டும் ஹாலோகிராம் உறை, தோல் மாதிரி வரி ஓடிய சோஃபா ரெக்சின் எல்லாமே இந்த ஒரே குடும்பம். இந்தப் பயணத்துக்கு அளவுகோலாக எடுத்துக்கொண்டது பிரிசம் ஃபிலிமின் ஒரு மேட்டை: அடி அகலம் 50 மைக்ரான், உயரம் 25 மைக்ரான், உச்சிக் கோணம் 90 டிகிரி. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது ஷீட்டில் வடிவம் பதிக்கும் ரோலரில் பிறந்து சுருளில் ஏறும் வரை ஆறு நாள், ஆறு நிறுத்தம்.

கிளம்பும்போது இருந்த எண்ணம் எளியது. சூடான பிளாஸ்டிக்கை நன்றாக அழுத்தினால் வடிவம் வந்துவிடும், அவ்வளவுதானே? அந்த எண்ணம் புதன்கிழமையைத் தாண்டவில்லை.

நவம்பர் 3, திங்கள்: வைர உளி அறை

அந்த ரோலரில் வைர உளியால் பள்ளம் வெட்டும் அறை. உள்ளே போக இரண்டு கதவு. முதலாவது மூடினால்தான் அடுத்தது திறக்கும். வெப்பநிலை 20 டிகிரி. ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அசையக் கூடாது. வெறும் கெடுபிடி என்று தோன்றும், கணக்குப் போடும்வரை. எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 11 முதல் 12 மைக்ரான் நீளும். ரோலரின் நீளம் 1.5 மீட்டர். ஒரு டிகிரி ஏறினால் 17 மைக்ரான் நீளும், அதாவது ஒரு மேட்டின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. சும்மா நிற்கும் மனிதர் ஒருவரே ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடுவார். அதனால் கடைசல் ஓடும்போது வேடிக்கை பார்க்க யாரையும் உள்ளே விடுவதில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பதுதான் மரியாதை.

ரோலரின் உடம்பு எஃகு. ஆனால் வைரம் எஃகைத் தொடுவதே இல்லை. எஃகு கடினம் என்பதால் அல்ல. வைரம் கார்பன், வெட்டும் சூட்டில் இரும்பு அந்தக் கார்பனை உறிஞ்சிக்கொள்ளும், உளி முனை சீக்கிரமே மழுங்கிப்போகும். ஆகவே எஃகின் மேல் செம்பு முலாம், அல்லது மின்சாரம் இல்லாமல் படியவைக்கும் நிக்கல் பாஸ்பரஸ் முலாம். நிக்கலில் பாஸ்பரஸ் 10 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் நிக்கலும் வைரத்தைத் தின்னத் தொடங்கும்.

முப்பதாயிரம் தனித்தனி வளையம் வெட்டுவார்கள் என்று நினைத்தால் தவறு. திருகு மரை வெட்டுவது போல ஒரே சுருள்தான். ரோலர் ஒரு சுற்றுச் சுற்றும்போது உளி 50 மைக்ரான் நகரும். 300 மில்லிமீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு 942 மில்லிமீட்டர். அந்த நீளத்தில் 50 மைக்ரான் சாய்வு என்பது 0.003 டிகிரி, எந்தக் கண்ணுக்கும் தெரியாது. 1.5 மீட்டரைக் கடக்க 30,000 சுற்று. நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில் ஐந்து மணி நேரம். அதற்குள் உளி கடந்திருக்கும் தூரம் 28 கிலோமீட்டர். இது ஓர் ஓட்டத்துக்கு மட்டும். முழு ஆழத்தையும் ஒரே தடவையில் எடுக்க முடியாது என்பதால் பல ஓட்டம் வேண்டும். கடைசி ஓட்டம் ஒன்றிரண்டு மைக்ரான் மட்டும் சீவ வேண்டும். பேராசைப்பட்டு ஆழமாகச் சீவினால் பள்ளத்தின் விளிம்பில் பிசிறு எழும். அந்தப் பிசிறு பிறகு ஒவ்வொரு மீட்டர் ஷீட்டிலும் கீறலாக வந்து நிற்கும்.

நடு ஓட்டத்தில் மின்சாரம் ஒரு நொடி போனால் போதும். உளி நின்ற இடம் ஒரு கோடாகத் தெரியும். அதை மறைக்க வழி இல்லை. முலாமை உரித்து, மறுபடி முலாமிட்டு, முதலிலிருந்து. உளி முனையில் கண்ணுக்குத் தெரியாத சில்லு பெயர்ந்தாலும் அதே கதிதான்.

இங்கே மனதில் வைக்க வேண்டிய இன்னொரு கணக்கு. ரோலரில் பள்ளம், ஷீட்டில் மேடு. எனவே உளி முனை எவ்வளவு கூர்மையோ, ஷீட்டின் உச்சியும் அதிகபட்சம் அவ்வளவுதான். 90 டிகிரி உச்சி உருண்டுபோனால், உருண்ட முனையின் ஆரத்தை 0.414-ஆல் பெருக்கினால் இழந்த உயரம் கிடைக்கும். ஆரம் 2 மைக்ரான் என்றால் 0.8 மைக்ரான் போச்சு. பயணம் தொடங்கும் முன்பே 25 என்பது 24.2 ஆகிவிட்டது.

தோல் வரி ரோலர்களுக்கு இந்தத் தவம் தேவையில்லை. அவற்றை அமிலத்தால் அரித்தோ லேசரால் சுட்டோ செய்வார்கள். அவை பெரிய வடிவங்கள், கொஞ்சம் மன்னிக்கும்.

நவம்பர் 4, செவ்வாய்: நிக்கல் தொட்டி

ஒரு மைக்ரான் இடைவெளிக் கோடுகளை உளியால் இவ்வளவு பெரிய பரப்பில் வெட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது. ஹாலோகிராம் கோடுகள் அந்த வகை. அவை ஒளியால் எழுதப்படுபவை. ஒரு லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, ஒளி பட்டால் கரையும் தன்மை மாறும் பூச்சின் மேல் இரு பக்கத்திலிருந்தும் விழவிட்டால், சந்திக்கும் இடத்தில் வெளிச்சமும் இருளும் கோடு கோடாக நிற்கும். 442 நானோமீட்டர் லேசர், இரு பக்கமும் ஏறக்குறைய 13 டிகிரி சாய்வு என்றால் கோடுகளின் இடைவெளி 1 மைக்ரான். ஒளி விழும் நேரம் முழுக்க மேசை கோட்டின் ஒரு சிறு பங்குகூட ஆடக் கூடாது. ஆடினால் கோடு உருகி வெறும் சாம்பல் பரப்புதான் மிஞ்சும். வெளியே லாரி போனாலே போதும்.

அந்தப் பூச்சு மென்மையானது. அதை வைத்துப் பிளாஸ்டிக்கை அழுத்த முடியாது. அதனால் அதன் மேல் மெல்லிய வெள்ளி தெளித்து மின்சாரம் கடத்தவைத்து, நிக்கல் சல்ஃபமேட் தொட்டியில் இறக்குவார்கள். தொட்டிச் சூடு 50 டிகிரி அளவில், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 4-க்குப் பக்கத்தில், கூடவே போரிக் அமிலம். மீதி எல்லாம் மின்சாரக் கணக்கு: சதுர டெசிமீட்டருக்கு ஓர் ஆம்பியர் கொடுத்தால் மணிக்கு 12 மைக்ரான் நிக்கல் வளரும். 100 மைக்ரான் தகடு வேண்டுமா? 2 ஆம்பியரில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் ஓரம் தடித்து நடு மெலியும். மின்னோட்டம் விளிம்பையே தேடிப் போகும் சுபாவம் உள்ளது.

இந்தத் தகட்டுக்குத் தொழிலில் ஷிம் என்று பெயர். முதல் ஷிம்மை நேரடியாக உற்பத்தி லைனில் மாட்டுவதில்லை. அதன் முகத்தில் டைக்ரோமேட் கரைசலால் ஒரு மெல்லிய தடுப்புப் படலம் ஏற்றி, மறுபடி தொட்டியில் இறக்கினால் அதன் மேல் இரண்டாவது ஷிம் வளரும். கத்தி முனையால் ஓரத்தைக் கிளப்பினால் இரண்டும் பிரிந்துவரும். படலம் சரியாக ஏறாவிட்டால் தாயும் மகளும் ஒட்டிக்கொண்டு ஒரே தகடாகிவிடும், இரண்டும் குப்பை. ஒவ்வொரு தலைமுறையிலும் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும், எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பும். எத்தனையாவது தலைமுறை என்று தகட்டின் பின்புறம் எழுதிவைக்கும் பழக்கம் இல்லாத இடத்தில் ஒருநாள் எழுத்தெல்லாம் இடவலம் மாறி அச்சாகிவிடும்.

தொட்டியில் அதிகம் பேசப்படாத வில்லன் உள் இழுவிசை. வளர்ந்த தகடு அச்சிலிருந்து விடுபட்டதும் கிண்ணம்போல வளையும். குளோரைடு கூடினால் இழுவை கூடும். சாக்கரின் சேர்த்தால் இழுவை தணியும், ஆனால் அது நிக்கலுக்குள் கந்தகத்தைக் கொண்டுவரும். அப்படிப்பட்ட தகடு 200 டிகிரியைத் தாண்டும் வேலையில் நொறுங்கும். குளிர் ரோலரில் சுற்றப் போகும் ஷிம்முக்குச் சாக்கரின் பரவாயில்லை, சூடான அச்சுக்கு வேண்டாம்.

ரோலரைச் சுற்றி ஷிம்மை வளைத்து இரு முனையையும் வெல்டு செய்தால் அங்கே ஒரு தையல். ஷீட்டில் ஒவ்வொரு சுற்றளவுக்கும் ஒரு கோடு தவறாமல் வரும். உறைத்தாள் விற்பவருக்கு அது பிரச்சினை இல்லை, கோட்டை விட்டு வெட்டிக்கொள்வார். பெரிய திரைக்கு ஃபிலிம் வெட்டுபவரிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அதனால்தான் நேற்றைய வைர ரோலருக்கு அத்தனை மதிப்பு.

நவம்பர் 5, புதன்: மழை, டிரையர், டை

காலையிலிருந்து மழை. பிளாஸ்டிக் குருணையை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் இருக்கும் கூடத்தில் முதலில் பார்க்கப்பட்டது இயந்திரம் அல்ல, குருணையை உலர்த்தும் ஹாப்பர் டிரையரின் பனிநிலை மானி, அதாவது உலர் காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் மானி. பாலிகார்பனேட் குருணை காற்றின் ஈரத்தைக் குடிக்கும். 120 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம், பனிநிலை மைனஸ் 40 அளவுள்ள உலர் காற்றில் வைத்து ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். ஈரத்தோடு உருக்கினால் குமிழியும் வெள்ளிக் கோடும் கண்ணுக்குத் தெரியும். தெரியாத கெடுதல் ஒன்று உண்டு: தண்ணீர் உருகிய நிலையில் பாலிமர் சங்கிலியை வெட்டிவிடும். ஷீட் பார்க்க நன்றாக இருந்து, மடித்தால் விரியும். தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் குருணைக்கு இன்னும் கறார், 50 பி.பி.எம்.முக்குக் கீழே, அதாவது பத்து லட்சத்தில் 50 பங்குக்கும் குறைவு. அதையும் முதலில் படிகமாக்கிவிட்டுத்தான் சூட்டில் உலர்த்த வேண்டும். இல்லையேல் ஹாப்பருக்குள் குருணை ஒட்டிக் கட்டியாகி, உடைத்து எடுக்க வேண்டிவரும்.

270 முதல் 300 டிகிரியில் உருகிய பாலிகார்பனேட் தட்டை வாயுள்ள டையின் உதட்டிலிருந்து திரைபோல இறங்குகிறது. கீழே இரண்டு ரோலர்: ஒன்று திங்களன்று பார்த்த வடிவ ரோலர், மற்றது ரப்பர் அல்லது வழவழ எஃகு. அவை நெருங்கும் இடுக்குதான் நிப். அங்கே யாரும் ஆபரேட்டரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. அவர் கண் ஒரே இடத்தில்: நிப்பின் வாயில் உருண்டு நிற்கும் உருகிய பிளாஸ்டிக் திரட்டு, பேங்க் என்பார்கள். சீராக, பென்சில் பருமனுக்கும் குறைவாக, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிற்க வேண்டும். பெரிதானால் அது உருளும்போது ஆறத் தொடங்கி, ஆறிய தோல் உள்ளே மடிந்து அலைக் கோடாகும். எங்காவது காணாமல் போனால் அந்த இடத்தில் ஷீட் ரோலரையே தொடாது. மேடு மொட்டையாக வரும்.

அழுத்தத்தைப் பற்றி வைத்திருந்த எண்ணம் உடைந்தது இங்கேதான். நிப்புக்குள் உருகல் இருப்பது ஒரு நொடியில் சிறு பங்கு. பள்ளம் நிரம்புவதோ நிரம்பாததோ அதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஷீட் ரோலரைச் சுற்றிக்கொண்டே போகிறது, ஆறுகிறது. இந்த ஆறும் தூரம்தான் லைனின் உண்மையான நீளம். 300 மில்லிமீட்டர் ரோலரை அரைச் சுற்றுச் சுற்றினால் 471 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 6 மீட்டர் வேகத்தில் 4.7 நொடி, 12 மீட்டரில் 2.4 நொடி. ஒரு பக்கத்திலிருந்து ஆறும் ஷீட்டுக்கு வேண்டிய நேரம் தடிமனின் வர்க்கத்தோடு ஏறும். 0.3 மில்லிமீட்டருக்கு ஒரு நொடிக்குள் முடிவது, 1 மில்லிமீட்டருக்குப் பத்து நொடியை நெருங்கும். மெல்லிய ஷீட்டில் நன்றாக ஓடிய வேகத்தை அப்படியே தடித்த ஷீட்டுக்கு வைத்தால், உள்ளே இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ரோலரை விட்டு வெளியேறும். வெளியேறிய பிறகு உச்சி மெல்ல உருண்டுவிடும், மெழுகுவத்தி முனைபோல. அங்கே நின்று அழுத்தத்தைக் கூட்டிப் பயனில்லை. பள்ளம் நிரம்பித்தான் இருந்தது, காப்பாற்றத்தான் முடியவில்லை.

ரோலரின் சூடு கத்திமேல் நடப்பது. பாலிகார்பனேட் இறுகும் புள்ளி 147 டிகிரி அளவில். வடிவ ரோலரை அதற்குப் பத்து, இருபது டிகிரி கீழே வைத்துத் தொடங்குவார்கள். அதிகம் குளிர்ந்தால் உருகலின் தோல் பள்ளத்தின் அடியைத் தொடும் முன்பே உறையும். அதிகம் சுட்டால் ஷீட் ரோலரை விட மறுக்கும். பிடித்து இழுக்கும் ரோலர் அதை விட்டு விட்டுப் பிய்க்கும். அகலம் முழுக்கச் சம இடைவெளியில் குறுக்குப் பட்டை விழும். அந்தப் பட்டையைப் பார்த்தவுடன் சிலர் இழுவிசையைக் கூட்டுவார்கள். இரண்டு டிகிரி குறைத்துப் பார்ப்பது நல்லது.

காற்றுக்கும் ஒரு வழி வேண்டும். ஓடும் திசையிலேயே பள்ளம் இருந்தால் காற்று முன்னால் நழுவி ஓடிவிடும். நுண் லென்ஸ்களும், சாலைப் பலகையில் ஒளியை வந்த வழியே திருப்பும், கனசதுரத்தின் மூலை போன்ற வடிவங்களும் மூடிய குழிகள். காற்றுக்குப் போக இடமில்லை. உச்சியில் சிறு குழி விழும். இதற்கு மருந்து வேகத்தைக் குறைப்பது, உருகலைச் சற்றுச் சூடாக்கி இளக்குவது, தாங்கும் அளவுக்கு அழுத்தத்தைக் கூட்டுவது, அந்த வரிசையில். அழுத்தமானி காட்டும் எண் இங்கே எதையும் சொல்லாது. அகலத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எத்தனை நியூட்டன் என்பதுதான் பேச்சு. அகலம் குறைந்த ஷீட்டுக்கு மாறும்போது அழுத்தத்தைக் குறைக்காமல் விட்டால் ரப்பர் நசுங்கும்.

மாலை வரை மழை விடவில்லை. ஷீட்டோ ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டே இருந்தது. கடைசியாக ஆறும் பக்கம்தான் அதிகம் சுருங்கும், அந்தப் பக்கமே உள்வளையும். அடுத்த ரோலரின் சூட்டை ஏற்றியோ இறக்கியோ இரு முகத்தையும் ஒன்றாக ஆறவைத்தால் சுருளல் அடங்கும்.

நவம்பர் 6, வியாழன்: தோல் வரி, ஞாபகம்

இன்று பெரிய வடிவங்களின் உலகம். மென் பி.வி.சி. ஷீட்டை அகச்சிவப்பு விளக்கின் கீழ் 150 முதல் 170 டிகிரி வரை சூடாக்கி, உள்ளே தண்ணீர் ஓடும் குளிர்ந்த வரி ரோலருக்கும் ரப்பர் ரோலருக்கும் நடுவே விடுகிறார்கள். சூடான ஷீட், குளிர்ந்த அச்சு. தொட்ட கணமே வரி உறையும்.

சூடு போதாமல் அழுத்தத்தால் ஈடுகட்டினால் வரி அழகாகவே வரும். அன்றைக்கு மட்டும். பாலிமர் சங்கிலிகள் இளகி நகர்ந்து புது இடத்தில் அமர்ந்தால் வரி நிலைக்கும். நகராமல் ரப்பர்போல இழுபட்டு நின்றால் அவற்றுக்குப் பழைய இடம் ஞாபகம் இருக்கும். பிறகு யாராவது அந்த ஷீட்டைச் சூடாக்கிக் கதவுப் பலகையின் மேல் இழுத்துப் பொருத்தும்போது வரி மறைந்து வழவழப்பாகும். சோதனை எளிது: ஓர் உள்ளங்கை அளவுத் துண்டின் பளபளப்பை 60 டிகிரிக் கோணத்தில் அளந்து, அடுப்பில் பத்து நிமிடம் சூடாக்கி, ஆறியபின் மறுபடி அளக்க வேண்டும். பளபளப்பு ஏறியிருந்தால் வரி படுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இதே பாடத்தைத் தட்டையான அழுத்து இயந்திரம் வேறு மொழியில் சொல்கிறது. அக்ரிலிக் 105 டிகிரி அளவில் இறுகும். அதற்கு 20 முதல் 40 டிகிரி மேலே சூடாக்கி அழுத்தி, அழுத்தத்தை விடாமல் பிடித்தபடியே இறுகும் புள்ளிக்குக் கீழே ஆறவைத்து, அதன் பிறகே திறக்க வேண்டும். சுற்று ஒன்றுக்கு நிமிடக் கணக்கில் ஆகும், அதில் பெரும்பங்கு ஆறுவதற்கே. ஆனால் வடிவம் அச்சு அசலாக வரும்.

நடுவில் வரி ஆழம் குறைவு, இரு ஓரத்தில் சரி என்றால் ரோலர் வளைகிறது. விசை முனைகளில்தான் கொடுக்கப்படுகிறது. நடு சற்று விலகிவிடும். ரோலர் நிற்கும்போது நிப்பில் கார்பன் தாளும் வெள்ளைத் தாளும் வைத்து மூடித் திறந்தால் கறுப்புப் பட்டை விழும். பட்டை நடுவில் மெலிந்திருந்தால் ரப்பர் ரோலருக்குக் கொஞ்சம் தொந்தி வைத்துக் கடைய வேண்டும். இவ்வளவு மலிவான சோதனையைச் செய்யாமல் கூட்டம் கூட்டி விவாதிக்கும் இடங்களும் உண்டு.

இன்னொரு தொல்லை மெதுவாக வரும். பி.வி.சி.யின் மசகும் நிறமியும் நிலைப்படுத்தியும் மேலே கசிந்து ரோலரின் வரிகளுக்குள் படியும். வாரக் கணக்கில் ஆழம் குறைந்துகொண்டே போகும், ஒரே நாளில் தெரியாது. முதல் நாள் ஷீட்டில் ஒரு துண்டை வெட்டிச் சுவரில் மாட்டிவைத்து அன்றாடம் ஒப்பிட்டால் பிடிபடும். உலர்பனித் துகளை வீசிச் சுத்தம் செய்வது பாதுகாப்பானது. தோல் வரி ரோலருக்குப் பித்தளைத் தூரிகை தாங்கும். பிரிசம் ரோலருக்குத் துணிகூட யோசித்துத்தான்.

நவம்பர் 7, வெள்ளி: மஞ்சள் அறை

புற ஊதா லைன் இருக்கும் அறையில் விளக்கெல்லாம் மஞ்சள். இங்கே பயன்படும் ரெசின், ஒளி பட்டால் இறுகும் திரவம். சாதாரண வெள்ளை விளக்கில் தொட்டியிலேயே அது கெட்டியாகத் தொடங்கும். மஞ்சளில் அரை நாள் இருந்துவிட்டு வெளியே வந்தால் உலகம் நீலமாகத் தெரியும்.

இங்கே பிளாஸ்டிக்கை உருக்குவதில்லை. 125 அல்லது 188 மைக்ரான் பெட் ஃபிலிமுக்கும் வடிவ ரோலருக்கும் நடுவே திரவ அக்ரிலேட் ரெசினை விட்டு, ஃபிலிமின் முதுகு வழியே புற ஊதா ஒளி அடிக்கிறார்கள். ரோலரில் இருக்கும்போதே ரெசின் இறுகி, ஃபிலிமோடு ஒட்டிக்கொண்டு பிரிந்துவருகிறது. கூர்மையான உச்சிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. திரவம் எந்த மூலைக்கும் போகும். 25 மைக்ரான் முக்கோணத்தை நிரப்ப வேண்டிய ரெசின், சராசரித் தடிமனாகப் பார்த்தால் 12.5 மைக்ரான்தான், சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிராம். அதற்கு அடியில் இரண்டு மூன்று மைக்ரான் மெத்தை மிஞ்சுவது நல்லது. மெத்தையே இல்லாமல் பிழிந்தால் ஃபிலிம் ரோலரின் முகடுகளில் உரசும். அதிகம் விட்டால் செலவும் சுருளலும்.

அலைநீளம் கூடிய புற ஊதாவே வேண்டும். பெட் சுமார் 310 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விழுங்கிவிடும். எனவே 365, 385, 395 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்குகள். இதில் ஓர் அபத்தமான விபத்து நடப்பதுண்டு. வெளியே வெயிலில் மாட்டும் பொருளுக்கு என்று யாரோ புற ஊதாவைத் தடுக்கும் பெட் ஃபிலிமை வரவழைப்பார்கள். விளக்கு முழு வலுவில் எரியும், ஃபிலிம் தன் வேலையை ஒழுங்காகச் செய்து ஒளியைத் தடுக்கும், ரெசின் ரோலர் முழுக்கத் தேனாக ஒட்டிக்கிடக்கும். சுத்தம் செய்ய ஒரு நாள் போகும். லைனில் ஏற்றும் முன் விளக்குக்கும் ஒளிமானிக்கும் நடுவே ஒரு துண்டு ஃபிலிமைப் பிடித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஓரம் எப்போதும் பிசுபிசுப்பு. நடுவே ரெசின் ரோலருக்கும் ஃபிலிமுக்கும் இடையில் அடைபட்டுக் காற்றே படாமல் இறுகுகிறது. ஓரத்தில் காற்று படும். அதிலுள்ள ஆக்சிஜன் இறுகும் வினையைத் தடுக்கும். ரெசின் ஓரம் வரை வழியாதபடி குறைத்து ஊற்றுவதும், மிஞ்சியதைக் கடைசியில் வெட்டி எறிவதும் வழக்கம்.

சுருங்குதல் இங்கே வேறு விதம். அக்ரிலேட் இறுகும்போது கன அளவில் 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். பக்கவாட்டில் சுருங்க ஃபிலிம் விடாது, கெட்டியாகப் பிடித்திருக்கிறது. அதனால் சுருக்கம் உயரத்தில் இறங்கும். ஜெல் ஆன பிறகு மிஞ்சும் சுருக்கம் 4 சதவீதம் என்று வைத்தால்கூட 25-இல் ஒரு மைக்ரான் குறையும். உச்சிக் கோணமும் 90-ஐத் தாண்டி விரியும். இதைத் தெரிந்தவர்கள் உளியையே சற்றுக் குறுகிய கோணத்தில் தீட்டச் சொல்கிறார்கள். திங்கள்கிழமைத் தவறை வெள்ளிக்கிழமை திருத்த முடியாது. வெள்ளிக்கிழமைத் தவறைத் திங்கள்கிழமையே திருத்திக்கொள்ளலாம்.

ரெசின் ஃபிலிமோடு ஒட்ட வேண்டும், ரோலரை விட வேண்டும். விடுவதற்கென்று சிலிக்கான் அல்லது ஃப்ளூரின் சேர்மத்தைத் துளி கூட்டினால் இரண்டையும் விட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் கத்தியால் பத்துக்குப் பத்து, மொத்தம் நூறு கட்டம் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறார்கள். ஒரு கட்டம் பெயர்ந்தாலும் முதலில் சந்தேகப்படுவது ரெசினை அல்ல, ஃபிலிமின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதை. ஒட்டுப்பூச்சு ஒரு முகத்தில் மட்டும் உள்ள ஃபிலிமைத் தலைகீழாக ஏற்றிவிடுவது அனுபவசாலிகளுக்கும் நேரும்.

நவம்பர் 8, சனி: சுருள், அளவுநாடா

கடைசி நிறுத்தம் சுற்றும் இடமும் சோதனை மேசையும். மழை விட்டுக் காற்று வறண்டிருந்தது. ஷீட்டின் மேல் கையை நீட்டினால் முடி எழும்பியது. அவிழும்போதும் உரசும்போதும் ஏறும் நிலைமின்சாரம் தூசியைக் கூப்பிட்டு உட்காரவைக்கும். நுண் பள்ளத்தில் விழுந்த தூசியைத் துடைக்க முடியாது. துடைத்தால் உச்சி போகும். அயனி வீசும் தண்டும், 50 சதவீதத்துக்குக் குறையாத காற்று ஈரமும்தான் காவல்.

சுற்றும் முன் மேலே ஒரு பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுகிறார்கள். வழவழ ஷீட்டுக்கு ஒத்துவரும் பசை இதற்கு ஆகாது. உச்சிகள் மட்டுமே தொடுவதால் மென்பசை நிற்காமல் உரியும். வன்பசை பள்ளத்துக்குள் இறங்கிக் கசடு விட்டுப் போகும். தடிமன் வேறுபாட்டையும் சுருள்தான் காட்டிக்கொடுக்கும். ஓரிடத்தில் ஒரே ஒரு மைக்ரான் தடிப்பு, அதே இடத்தில் ஆயிரம் சுற்று விழுந்தால் சுருளின் ஆரத்தில் 1 மில்லிமீட்டர் வீக்கம். அங்கே உச்சிகள் நசுங்கும். உள்ளே இறுக்கமாகவும் வெளியே போகப் போகத் தளர்வாகவும் சுற்றுவது, சுருளை இடம் வலமாக மெல்ல ஆட்டுவது, இரண்டும் இதற்காகத்தான்.

லென்டிகுலர் ஷீட்டின் கணக்கு இன்னும் சுவையானது. லென்ஸின் குவிமையம் ஷீட்டின் பின்முகத்தில் விழ வேண்டும். ஒளிவிலகல் எண் 1.57 உள்ள பெட்-ஜி பிளாஸ்டிக் என்றால் தடிமன் லென்ஸ் ஆரத்தைப் போல 2.75 மடங்கு, அதைத் தாண்டினாலும் குறைந்தாலும் படம் கலங்கும். அங்குலத்துக்கு 75 லென்ஸ் என்றால் ஒரு மீட்டர் அகலத்தில் 2,953 லென்ஸ். ஷீட் ஆறும்போது வெறும் 0.1 சதவீதம் கூடுதலாகச் சுருங்கினால் மூன்று லென்ஸ் வித்தியாசம் வந்துவிடும். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குள் படம் மூன்று தடவை தானாக மாறும். அச்சடிப்பவர்கள் ஒவ்வொரு தொகுதிக்கும் சற்றே மாறுபட்ட கோட்டு இடைவெளிகளை அச்சிட்டு ஷீட்டை மேலே வைத்துப் பார்ப்பது இதனால்தான். பெட்டியில் எழுதிய 75-ஐ நம்பி யாரும் பெரிய வேலை ஓட்டுவதில்லை.

உயரத்தை அளக்க மேசையில் இரண்டு வழி. துண்டை எபாக்சியில் பதித்து, மெல்லியதாகச் சீவும் மைக்ரோடோம் கருவியால் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பது ஒன்று. சவர பிளேடால் வெட்டிப் பார்ப்பவர்கள் பிளேடு இழுத்த வடிவத்தைத்தான் அளக்கிறார்கள். தொடாமல் அளக்கும் ஒளிக்குறுக்கீட்டு மானி மற்றொன்று. 45 டிகிரிச் சரிவிலிருந்து ஒளி திரும்பி லென்ஸுக்குள் வராது என்பதால் பிரிசத்தில் அது உச்சியையும் அடியையும்தான் நம்பகமாகச் சொல்லும்.

மதியத்துக்கு மேல் சோதனை விளக்கின் கீழ் ஒரு புள்ளி தெரிந்தது. கொஞ்ச தூரம் தள்ளி அதே மாதிரி இன்னொன்று. மேலும் தள்ளி மூன்றாவது. திரும்பத் திரும்ப வரும் குறைக்கு நுண்ணோக்கி வேண்டாம், அளவுநாடா போதும். 942 மில்லிமீட்டருக்கு ஒருமுறை வந்தால் 300 விட்ட வடிவ ரோலர். 1,257 என்றால் 400 விட்டக் குளிர் ரோலர். 785 என்றால் 250 விட்ட ரப்பர் ரோலர். ஷீட் ஆறியபின் சற்றுச் சுருங்கியிருக்கும் என்பதால் அளவு கொஞ்சம் குறைவாகவே வரும். இரண்டு மூன்று இடைவெளிகளை ஒன்றாக அளந்து பங்கிடுவது துல்லியம்.

ஐந்து புள்ளிக்கு இடையே, நான்கு இடைவெளி: 3,125 மில்லிமீட்டர். பங்கிட்டால் 781. எல்லோரும் முதலில் பார்த்தது வடிவ ரோலர் பக்கம். நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. லைனை நிறுத்தி ரப்பர் ரோலரை மெதுவாகக் கையால் சுற்றினால், உருகாத குருணைத் துண்டு ஒன்று ரப்பருக்குள் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தது. எடுத்தாலும் குழி இருக்கும். மாற்று ரோலரைக் கிரேனில் கட்டி, நாளை காலை முதல் வேலை என்று பலகையில் எழுதிவிட்டு விளக்கை அணைத்தார்கள்.